மூக்கிலிருந்து நீர்மட்டத்துக்கு: பெங்களூரு உணவகங்களில் எரிவாயுக் கசிவுச் சோதனை வளர்ந்த வரலாறு

பெங்களூருவில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் புதிதாகக் கேஸ் குழாய் போட்டு முடித்ததும் ஃபிட்டர் முதலில் கேட்பது சோப்புத் தண்ணீர். பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கிண்ணத்தில் கரைத்து, பழைய பெயின்ட் பிரஷால் யூனியன், எல்போ, டீ, வால்வு என்று வரிசையாகத் தடவிக்கொண்டே போவார். தடவிய இடத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்ப்பார். குமிழ் எழவில்லை என்றால் வேலை முடிந்தது.

இந்தச் சோதனையில் குற்றமில்லை. ஓட்டை எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இன்றைக்கும் கிடையாது. ஆனால் சுவருக்குள் புதைந்த இணைப்பையும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடும் குழாயையும் பிரஷ் எட்டாது. மொத்தத்தில் எவ்வளவு கசிகிறது என்று குமிழைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. அந்த 'எவ்வளவு' என்ற கேள்வி எப்படிப் பிறந்தது, பெங்களூருவுக்கு அது ஏன் இத்தனை தாமதமாக வந்து சேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எரிவாயு விளக்கு எரியாத ஊர்

கல்கத்தாவின் தெருக்களில் 1857-லும் பம்பாயில் 1865-லும் எரிவாயு விளக்குகள் ஏற்றப்பட்டன. நிலக்கரியைக் காய்ச்சி எடுத்த வாயு நிலத்தடிக் குழாய்களில் ஓடியது. குழாய் இருந்தால் கசிவும் இருக்கும். கசிவைத் தேடி அடைக்கும் கைகளும் வேண்டும். அப்படியொரு தொழில் பெங்களூருவில் வேரூன்ற வாய்ப்பே அமையவில்லை. 1902-ல் சிவனசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் முதலில் கோலார் தங்கவயலுக்குப் போனது. 1905 ஆகஸ்ட் 5 அன்று அதே மின்சாரம் பெங்களூரு வீதிகளில் விளக்கேற்றியது. மண்ணெண்ணெய் விளக்கிலிருந்து நேராக மின்விளக்குக்குத் தாவிய ஊர் இது. அந்தத் தாவலை நகரம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது, அது நியாயமும்கூட. ஆனால் அதே தாவலில், குழாய் வாயுவோடு பழகும் ஒரு நூற்றாண்டு அனுபவம் கைநழுவியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே இங்கே எரிவாயு சிலிண்டராகத்தான் வந்தது. பர்மா ஷெல் 1955-ல் பம்பாயிலும், இண்டேன் 1965-ல் கல்கத்தாவிலும் தொடங்கிய சமையல் வாயு விற்பனை மெல்ல நாடெங்கும் பரவியது. 1983-ல் ஜெயநகரில் கஃபே தர்ஷினி திறந்தபின், நின்றபடியே சாப்பிட்டுப் போகும் சிறு உணவகங்கள் பெங்களூருவின் அடையாளமாயின. இடம் சிறியது, அடுப்பு பெரியது, கூட்டமோ ஓயாதது. ஒரு சிலிண்டர் போதாமல் 19 கிலோ சிலிண்டர்களை வரிசையாக நிறுத்தி, மேனிஃபோல்ட் என்ற பொதுக்குழாயில் இணைத்து, குழாய் வழியே உள்ளே கொண்டுவந்தார்கள். இத்தகைய நிறுவல்களுக்கு ஐ.எஸ். 6044 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. ஆனால் சிலிண்டர் மாற்றும்போது வீட்டில் செய்யும் சோப்பு நுரைப் பழக்கம்தான் இந்த நீண்ட குழாய்களுக்கும் நடைமுறையில் வந்து ஒட்டிக்கொண்டது.

வாசனையும் அதன் எல்லையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிலக்கரி வாயுவுக்கு இயல்பாகவே நாற்றம் உண்டு. கசிவை மூக்கே காட்டிக்கொடுத்தது. இயற்கை எரிவாயுவுக்கு அந்தக் குணம் இல்லை. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில், நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் மணமற்ற வாயு தரைக்கு அடியில் தேங்கி வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். அதன்பிறகுதான் வாயுவில் துர்நாற்றப் பொருளைக் கலப்பது சட்டமாகியது. நாம் 'கேஸ் வாசனை' என்று சொல்வது மெர்காப்டன் எனப்படும் அந்தப் பொருளின் வாசனையே. காற்றில் வாயு தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் ஐந்தில் ஒரு பங்கை எட்டும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. இயற்கை எரிவாயு காற்றில் 5 சதவீதம் சேர்ந்தால் பற்றும்; எனவே 1 சதவீதத்திலேயே நாற வேண்டும்.

ஆனால் மூக்கு களைத்துப்போகும் உறுப்பு. ஒரே வாசனையில் சில நிமிடம் நின்றால் அதை உணர்வதை விட்டுவிடும். பெருங்காயமும் வெங்காயமும் கொதிக்கும் சமையற்கட்டில் அதன் நிலைமை இன்னும் மோசம். புதிய இரும்புக் குழாயோ மெர்காப்டனைத் தானே உறிஞ்சிக்கொண்டு வாசனையை மங்கடித்துவிடும். புதிதாகக் குழாய் போட்ட நாட்களில்தான் இது அதிகம், கசிவுக்கு வாய்ப்பு கூடுதலாக இருப்பதும் அதே நாட்களில்தான்.

மூக்குக்கு மாற்றாகக் கசிவைக் கண்டறியும் கருவியின் வரலாறு தனியாக ஓடுகிறது. எண்ணெய்க் கப்பல்களில் நடந்த வெடிப்புகளைத் தடுக்க, 1920-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் ஆலிவர் ஜான்சன் பிளாட்டினக் கம்பியை வைத்து எரிவாயுமானி செய்தார். இன்றைய கையடக்கக் கருவிகள் பலவற்றுக்கு அதுவே மூதாதை.

குழாய்ச் சோதனை ஒரு சடங்கிலிருந்து சட்டக் கடமையாக மாறியதில் பிரிட்டனின் அனுபவம் முக்கியமானது. 1968 மே 16 காலையில் லண்டனின் ரோனன் பாயின்ட் அடுக்குமாடியில், 18-ஆவது தளத்தில் ஒரு பெண் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. விசாரணையில் அகப்பட்டது, அடுப்பையும் குழாயையும் சேர்த்த தரமற்ற ஒரு பித்தளை நட். 1972-ல் அந்நாட்டில் எரிவாயுப் பாதுகாப்பு விதிகள் வந்தன. அதே காலத்தில் நிலக்கரி வாயுவிலிருந்து வடகடல் இயற்கை வாயுவுக்கு நாடே மாறிக்கொண்டிருந்தது. பழைய வாயுவின் ஈரத்தில் ஊறியிருந்த சணல் இணைப்புகள் புதிய வறண்ட வாயுவில் காய்ந்து சுருங்கிக் கசிந்தன. வாயு மாறினால் குழாயின் நடத்தையும் மாறும் என்ற இந்தப் பாடம் பெங்களூருவுக்கு இப்போது நேராகப் பொருந்துகிறது.

ஒரு மில்லிபார் எவ்வளவு?

வணிகக் குழாய்களின் சோதனையில் இரண்டு படிகள் உண்டு. முதலாவது, இயங்கும் அழுத்தத்தைவிடக் கூடுதல் அழுத்தத்தில் காற்றையோ நைட்ரஜனையோ ஏற்றிக் குழாயின் வலிமையைப் பார்ப்பது. இரண்டாவது, அடைத்து நிறுத்தி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது. 'கேஜ் இறங்கல, ஓகே' என்று நம் ஊரில் முடித்துவிடுவது இரண்டாவதில்தான்.

25 மி.மீ. உள்விட்டமுள்ள 30 மீட்டர் குழாய் சுமார் 15 லிட்டர் கொள்ளும். அதே நீளத்தில் 50 மி.மீ. குழாய் 59 லிட்டர். இரண்டிலும் 2 நிமிடத்தில் 1 மில்லிபார் இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். கேஜ் காட்டும் இறக்கம் ஒன்றே. ஆனால் சின்னக் குழாயிலிருந்து மணிக்கு அரை லிட்டர் வெளியேறுகிறது, பெரியதிலிருந்து ஏறக்குறைய 2 லிட்டர். ஆகவே குழாயின் கொள்ளளவைக் கணக்கிட்டு, அதற்கேற்ப எத்தனை நிமிடம் காத்திருப்பது என்று முடிவுசெய்த பின்பே சோதனையைத் தொடங்க வேண்டும். பிரிட்டனின் எரிவாயுப் பொறியாளர் கழகத்து விதித்தொகுப்பு இந்தக் கணக்கின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

பெங்களூருவுக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டரில் உள்ளது. காற்றழுத்தம் ஏறத்தாழ 910 மில்லிபார். அடைத்து வைத்த குழாயில் வெப்பம் 1 டிகிரி கூடினால் உள்ளழுத்தம் 3 மில்லிபார் ஏறும், அதாவது அழுத்தத்தை நீர்மட்டமாகக் காட்டும் யூ வடிவக் கண்ணாடிக் குழாயில் (யூ குழாய்) 30 மி.மீ. நீர். மொட்டைமாடி வழியே போகும் குழாயை முற்பகலில் சோதித்தால், கசிந்து இறங்கிய மட்டத்தை வெயில் மீண்டும் ஏற்றிவிடும். வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தமும் தினந்தோறும் காலை 10 மணி வாக்கில் உச்சத்துக்குப் போய், மாலை 4 மணிக்குள் சுமார் 3 மில்லிபார் தாழ்கிறது. வெளியழுத்தம் தாழும்போது யூ குழாயின் நீர் ஏறும். நீண்ட நேரச் சோதனையில் வெயிலும் காற்றும் சேர்ந்து ஓர் உண்மையான கசிவை முழுதாக மறைத்துவிடக் கூடும். வெப்பமானியும் பாரமானியும் பக்கத்தில் இல்லாத பகல்நேரச் சோதனைச் சான்றிதழை நான் நம்பமாட்டேன்.

குழாய் வந்த பிறகு

2006-ல் பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியச் சட்டம் வந்தது. நகர விநியோகத்துக்கான பாதுகாப்புத் தர விதிகள் 2008-ல் வெளியாயின. 2013-ல் தாபோல்–பெங்களூரு குழாய்ப்பாதை திறக்கப்பட்டது. 2017-ல் கெயில் கேஸ் நிறுவனத்தின் நகர எரிவாயு விநியோகத் திட்டம் பெங்களூருவில் தொடங்கப்பட்டது. தெருவில் மஞ்சள் பாலிஎத்திலீன் குழாய், கட்டடத்தில் இரும்புக் குழாய், வீட்டு அடுப்பில் 21 மில்லிபார் என்று அழுத்தம் படிப்படியாக இறங்குகிறது.

சிலிண்டரிலிருந்து குழாய் வாயுவுக்கு மாறும் உணவகங்களில் இரண்டு மாற்றங்கள் கண்ணில் படாமல் போகின்றன. ஒரே அளவு வெப்பத்துக்கு இயற்கை வாயு கனஅளவில் இரண்டரை மடங்கு வேண்டும். அதனால் குழாயின் விட்டமும் கொள்ளளவும் கூடும், பழைய சோதனை நேரம் போதாது. அடுத்தது, சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். இயற்கை வாயு லேசானது, கூரைக்கு ஏறும். கணுக்கால் உயரத்தில் பொருத்திய பழைய உணர்கருவி மாற்றத்துக்குப் பிறகும் அங்கேயே தொங்கினால் ஆபத்து நேரத்தில் அது வாய் திறக்காது.

அல்சூர்ப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் நான் பார்த்த சோதனை இரவு பதினொன்றரைக்கு நடந்தது. விடியுமுன் அடுப்பேற்றும் கடைக்கு வேறு நேரம் கிடையாது. குழாயும் அந்த நேரத்தில்தான் குளிர்ந்து நிலைகொள்ளும். யூ குழாயில் நீலச் சாயம் கலந்த நீர். வெப்பம் சமனாகக் கால் மணி நேரம் விட்டார்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்து ஆரம்பித்தார்கள். சோப்பு நுரை எங்குமே குமிழ் விட்டிருக்கவில்லை. நீர்மட்டமோ 4 மி.மீ. இறங்கியது. வால்வுகளை ஒவ்வொன்றாக அடைத்துப் பகுதி பகுதியாகச் சோதித்தபோது, தோசைக்கல் பர்னரின் காக் வால்வுக்குள் கிரீஸ் காய்ந்துபோயிருந்தது தெரிந்தது. கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் இட்டு மறுபடி ஏற்றினார்கள். மணி ஒன்றரை. இம்முறை நீலக்கோடு அசையவில்லை. மூத்த ஃபிட்டர் நேரம், வெப்பம், தொடக்க மட்டம், முடிவு மட்டம் நான்கையும் ஒரு நோட்டில் எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.