தெற்கு நோக்கிப் போன இருமல்

நிப்பா வைரஸ் மனிதருக்கு மூளைக் காய்ச்சலாக வந்தது. பன்றிகளுக்கோ அது பெரும்பாலும் சுவாச நோய். 1998 செப்டம்பரில் மலேசியாவின் பேராக் மாநிலத்தின் ஈப்போ வட்டாரத்தில் பண்ணைத் தொழிலாளர்கள் நோயில் விழுந்தார்கள். அங்கே பன்றிக் கொட்டகைகளை ஒட்டி மாமரங்கள் நின்றன. பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட பழம் கொட்டகைக்குள் விழுந்து, அதன் வழியே வைரஸ் பன்றிக்குப் போயிருக்க வேண்டும் என்பது பின்னர் ஆய்வாளர்கள் வந்த முடிவு.

நோயுற்ற பன்றிகள் நாய் குரைப்பதுபோல் உரக்க இருமின. இருமலில் தெறித்த சளி பக்கத்துப் பன்றிக்கும், தீனி போட்டு ஊசி குத்திய தொழிலாளிக்கும் நோயைக் கொடுத்தது. ஆனால் வளர்ந்த பன்றிகள் அதிகம் சாகவில்லை. சந்தேகம் எழாததற்கு அதுவே காரணம். பண்ணையாளர்கள் அவற்றை அவசரமாக விற்றார்கள். லோரிகளில் ஏறி நோய் தெற்கே நெகிரி செம்பிலான் மாநிலத்தின் புக்கிட் பெலாண்டோக்கை அடைந்தது. வௌவால் தொடங்கியதைப் பரப்பியது வியாபாரம்தான்.

அதிகாரிகள் இதைக் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே நம்பி, புகையடித்துத் தடுப்பூசியும் போட்டார்கள். அந்தக் காய்ச்சல் குழந்தைகளை அதிகம் தாக்கும் நோய். இங்கே விழுந்தவர்களோ பன்றியோடு பழகிய பெரியவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் தப்பவில்லை. அந்த அடையாளத்தைப் படிக்கத் தவறியதில் பல மாதங்கள் வீணாயின. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா கா பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். நோயாளி ஒருவரின் ஊரான கம்போங் சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது.

சொந்தப் பன்றிப் பண்ணைகளைப் படிப்படியாக மூடிவிட்ட சிங்கப்பூருக்கு மலேசியப் பன்றிகள் எல்லையிலுள்ள ஜொகூர் வழியாகவே போயின. நோயும் அவற்றோடு எல்லை தாண்டியது: 1999 மார்ச்சில் சிங்கப்பூர் அறுப்புக்கூடத் தொழிலாளர்கள் 11 பேர் பாதிக்கப்பட்டு, ஒருவர் இறந்தார். சிங்கப்பூர் உடனே இறக்குமதியை நிறுத்தியது.

மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். 1999 பிப்ரவரி இறுதியில் தொடங்கிய பன்றி அழிப்பில் ராணுவமும் இறங்கியது. சுமார் 11 லட்சம் பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள் மூடப்பட்டன. பின்னர் தியோமான் தீவின் வௌவால்களின் சிறுநீரில் அதே வைரஸ் கிடைத்தது. 1999-க்குப் பிறகு மலேசியப் பன்றிகளில் நிப்பா பரவல் நிகழவில்லை. வைரஸ் சுமக்கும் வௌவால்கள் இன்றும் அங்கே இருக்கின்றன.