கிடங்கிலிருந்தா, கடைவீதியிலிருந்தா? இந்தியச் சிப்பாயின் கைக்கடிகாரம்

படைத்துறைக் கைக்கடிகாரம் கையில் கிடைத்தால் சேகரிப்பாளர்கள் முதலில் அதன் பின்மூடியைத் திருப்பிப் பார்ப்பார்கள். அகன்ற அம்புக்குறி பொறித்திருந்தால் அரசுச் சொத்து, இல்லாவிட்டால் கடைச் சரக்கு. பிரிட்டனைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் பெரும்பாலும் சரிதான். கனடாவில் 'சி' எழுத்துக்குள் அம்பு, இந்தியாவில் அம்போடு 'ஐ' எழுத்து என்று நாட்டுக்கொரு முத்திரையும் இருந்தது. ஆனால் முத்திரையை மட்டும் நம்பி இந்தியச் சிப்பாயின் கடிகார வரலாற்றை எழுதினால் பெரும்பகுதி விட்டுப்போகும். இரண்டாம் உலகப்போரில் பஞ்சாபுக்கு அடுத்தபடியாக ஆள் அனுப்பிய மதராஸ் மாகாணத்தின் கதை அதில் இடம்பெறவே செய்யாது. இந்தியாவில் படைவீரனுக்கேற்ற கைக்கடிகாரத்தை முதலில் உருவாக்கிப் பரப்பியது கடைவீதி. அரசின் படைக் கிடங்கு பின்னால் வந்து சேர்ந்தது. அப்படிச் சொல்வதற்கான சான்றுகளையும் அதற்கு எழக்கூடிய மறுப்புகளையும் இங்கே பார்க்கலாம்.

சிப்பாய்க்குச் சொந்தமாக ஒரு கடிகாரம் வெகுகாலம் தேவைப்படவில்லை. திண்டுக்கல் மலைக்கோட்டையில் 1860 வரை ஆங்கிலேயப் படை தங்கியிருந்தது. அத்தகைய காவற்படைத் தளங்களில் காவலறை மணியை அடித்தால் முறை மாறும், கதவு மூடும். நேரம் என்பது எல்லாருக்கும் பொதுவான ஓசை. ஒவ்வொருவனும் அதைத் தனியே சுமக்க வேண்டியதில்லை. 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போன ரயில் பாதை திண்டுக்கல் வழியாக வந்தபோது, நிமிடக் கணக்கு இந்தச் சமவெளிக்கும் வந்தது. ரயில் சென்னை நேரத்தைப் பின்பற்றியது. அது 1906 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் திட்ட நேரத்தைவிட ஏறக்குறைய 9 நிமிடம் பின்தங்கியது. ரயிலுக்கு நேரம் தெரிந்திருந்தால் போதும், படைக்கு அந்த நேரத்தை ஒருங்கே பகிர்ந்துகொள்ளவும் வேண்டும். மதராஸ் படைப்பிரிவுகளும் பங்கேற்ற 1885ஆம் ஆண்டு பர்மியப் போர்க் காலத்திலேயே ஆங்கில அதிகாரிகள் சட்டைப்பைக் கடிகாரத்தைத் தோல்வாரில் செருகி மணிக்கட்டில் கட்டத் தொடங்கியதாகச் சொல்வார்கள். 1899-1902 போயர் போரில் அந்தப் பழக்கம் உறுதிப்பட்டது. இரண்டு இடங்களிலும் கடிகாரம் அதிகாரியின் சொந்தக் காசில் வாங்கியதுதான்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். 1880வாக்கில் ஜெர்மன் கடற்படைக்காக ஜிரார்-பெரகோ நிறுவனம் கைக்கடிகாரங்கள் செய்து தந்ததே, அப்படியானால் அரசுதானே முந்தியது என்பார்கள். கடிகார நூல்கள் பலவற்றிலும் இக்கதை வருகிறது. ஆனால் அதைத் தாங்கி நிற்கும் கடிகாரமோ ஆவணமோ மிகச் சொற்பம். அதை ஒரு வரலாற்றின் அடித்தளமாக வைக்க நான் தயாரில்லை. முதல் உலகப்போரைப் பற்றிய சான்றுகள் இதைவிட வலுவானவை. பீரங்கிக் குண்டுமாரி படிப்படியாக முன்னே நகர, காலாட்படை அதன் பின்னே நடந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிடம் பிசகினாலும் சொந்தக் குண்டுக்கே ஆள் பலியாவான். ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் வரைபடம் என்று நிற்பவனுக்குச் சட்டைப்பையைத் துழாவ நேரமேது? இருட்டில் மினுங்கும் ரேடியம் எண்களும் கண்ணாடிக்கு மேல் துளையிட்ட உலோகக் காப்பும் அப்போது வந்தவை. பிரிட்டிஷ் போர்த்துறை கைக்கடிகாரம் வழங்கத் தொடங்கியது 1917இல்தான். அதற்கு முன்பே கடைகள் பதுங்குகுழிக் கடிகாரம் என்ற பெயரில் அவற்றை விற்றுக்கொண்டிருந்தன.

இந்தியாவில் அந்த வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டது வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி. சுவிட்சர்லாந்தின் சான்-இமியேவில் வேர்விட்டு, பம்பாயிலும் கல்கத்தாவிலும் கடை வைத்த நிறுவனம் அது. அதன் புகழ்பெற்ற வகை 'சோவார் பிரிமா'. குதிரைப்படை வீரனின் பெயரையே சூட்டி விற்றார்கள். வாங்குபவன் யார் என்பது விற்பவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அவன் அதிகாரி அல்ல, சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரே ஒரு கடிகாரம் வாங்கப்போகும் வீரன். புழுதியும் வியர்வையும் அதிர்ச்சியும் தாங்க வேண்டும், எண்கள் பெரிதாகத் தெரிய வேண்டும், எந்த ஊரிலும் பழுது பார்க்க முடிய வேண்டும். பேலன்ஸ் சக்கரத்தின் மெல்லிய அச்சை அதிர்ச்சியிலிருந்து காக்கும் இன்காப்ளாக் அமைப்பை 1934இல் பொருத்திய முதல் நிறுவனம் தானே என்று வெஸ்ட் எண்ட் உரிமை கொண்டாடுகிறது. அந்தப் பெருமை முழுவதும் அதற்கே உரியதா என்பது எப்படி இருந்தாலும், அரசின் விவரக்குறிப்புத்தாள் கேட்கக்கூடியதைக் கடை தானாகவே செய்து கொடுத்தது.

இரண்டாம் உலகப்போரைக் காட்டி இதையும் மறுக்கலாம், அந்த மறுப்புக்குக் கனம் உண்டு. அப்போது அரசே பேரளவில் கடிகாரம் வாங்கியது. ஜெர்மானியர் விமான வழிகாட்டிகளுக்கு 55 மில்லிமீட்டர் அகலமுள்ள பெருங்கடிகாரம் தந்தார்கள். அமெரிக்காவின் ஏ-11இல் சாவிக்குமிழை இழுத்தால் விநாடி முள் நிற்கும், எல்லாரும் ஒரே நொடியில் நேரம் வைத்துக்கொள்ளலாம். பிரிட்டன் முதலில் ஏ.டி.பி. என்ற வகையை வாங்கியது. பிறகு கறுப்பு டயல், 15 ஜுவல், நீர்புகா உறை, ஒளிரும் முள் என்று வரையறுத்து ஒமேகா, லாஞ்ஜின், சைமா உட்படப் பன்னிரண்டு சுவிஸ் நிறுவனங்களிடம் செய்வித்தது. அவை வந்து சேர்ந்தது 1945இல், போர் முடியும் தறுவாயில். கிடங்கு எப்போதும் தாமதமாகவே வந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடவேண்டாம். இன்னொன்று, வழங்கிய கடிகாரம் பதிவேட்டில் ஏறிய பொருள். படையை விட்டு வருபவன் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நிலக்கோட்டையிலோ வேடசந்தூரிலோ ஒரு முன்னாள் வீரரின் குடும்பத்தில் அக்காலக் கடிகாரம் இன்றும் இருந்தால், அது அவர் விலைக்கு வாங்கியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முத்திரை இல்லாத காரணத்தால் அதைப் படைக்கடிகாரம் அல்ல என்று ஒதுக்குவது, உண்மையில் போருக்குப் போய்வந்த பொருளை ஒதுக்குவதாகும்.

விடுதலைக்குப் பிறகு நிலைமை தலைகீழானது போலத் தோன்றும். 1961இல் ஜப்பானின் சிட்டிசனோடு கைகோத்து பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அரசே தயாரிப்பாளர், அரசே வாங்குபவர். 'ஜவான்' என்ற வகை வந்தது, 12 மணி எண்களுக்கு உள்ளே 24 மணிக் கணக்கோடு. ஆனால் டயலைக் கழற்றினால் உள்ளே இருப்பது அதே நிறுவனம் பொதுமக்களுக்கு விற்ற 'ஜனதா'வின் குடும்பத்தைச் சேர்ந்த, சாவி கொடுத்து ஓடும் 17 ஜுவல் இயந்திரமே. எழுத்தருக்கும் ஆசிரியருக்கும் விற்றதைத்தான் டயல் மாற்றி வீரனுக்கும் கொடுத்தார்கள். இதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்கா 1964இல் எழுதிய எம்.ஐ.எல்.-டபிள்யூ-46374 விவரக்குறிப்பு, பழுதானால் தூக்கி எறியும் மலிவுக் கடிகாரத்தைக் கேட்டது. ஜவானுக்கோ திண்டுக்கல் கடைவீதி வாட்ச் ரிப்பேர்க்காரரிடமே உதிரிபாகம் இருக்கும், ஏனென்றால் பக்கத்து வீட்டு ஜனதாவுக்கும் அதே பாகம்தான்.

1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களை அனுப்பத் தொடங்கியதும் சாவிக் கடிகாரத்தின் காலம் சரிந்தது. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. அதன்பின் பழைய எச்.எம்.டி.க்கு விலை ஏற, மும்பைப் பட்டறைகள் சாதாரண டயலைச் சுரண்டி, அம்புக்குறியும் 'மிலிட்டரி' எழுத்தும் அச்சிட்டு வெளிநாட்டுக்கு விற்கின்றன. ஆகவே கடிகாரத்தின் வயதை அறிய விரும்புபவர் டயலைக் கடைசியில் பார்க்கட்டும். இயந்திரத்தின் வகை எண், உறையின் தேய்மானம், பின்மூடியின் உட்புறத்தில் ரிப்பேர்க்காரர்கள் ஊசியால் கீறிவைத்த தேதிகள் ஆகியவற்றை முதலில் படிக்க வேண்டும். இவற்றைப் போலியாகச் செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை.