0.20 முதல் 0.79 வரை

கலிபோர்னியாவின் லா ஹோயாவில், பசிபிக் கடலைப் பார்த்தபடி ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனம் நிற்கிறது. கடலிலிருந்து காற்று வீசும் நேரம் பார்த்து, அந்தக் காற்றை அங்கே கண்ணாடிக் குடுவைகளில் பிடித்து மூடுகிறார்கள். வட துருவத்தை ஒட்டிய கனடாவின் அலர்ட்டிலும், டாஸ்மேனியாவின் கேப் கிரிமிலும் இதே வேலை பல்லாண்டுகளாக நடக்கிறது. அந்தக் குடுவைகளில் பிறந்த ஓர் எண்ணின் கதை இது.

குடுவைகளுக்குப் பொறுப்பாளர் ரால்ஃப் கீலிங். 1958 முதல் ஹவாயின் மௌனா லோவாவில் கார்பன் டை ஆக்சைடை அளந்து, உலகுக்கு அந்த ஏறுகோட்டைக் காட்டிய சார்லஸ் டேவிட் கீலிங்கின் மகன். தந்தை கார்பனை எடுத்துக்கொண்டார், மகன் ஆக்சிஜனை. மகனுடைய வேலை இன்னும் நுட்பமானது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அதில் பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்கு நேரும் மாற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த ஆக்சிஜனுக்கும் கடலின் சூட்டுக்கும் உறவு உண்டு. வெயிலில் வைத்த சோடாவிலிருந்து வாயு வெளியேறுவதைப்போல, கடல் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் காற்றுக்கு வருகின்றன. நிலக்கரியும் பெட்ரோலும் எரிவதால் ஆகும் மாற்றம், தாவரங்கள் மூச்சு விடுவதால் ஆகும் மாற்றம் எல்லாவற்றையும் கழித்துவிட்டால், கடல் சூடானதால் வந்த பங்கு மட்டும் மிஞ்சும். அதை வைத்து, கடலுக்குள் தெர்மாமீட்டரை இறக்காமலேயே கடல் விழுங்கிய வெப்பத்தைச் சொல்லிவிடலாம். அழகான யோசனை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் லோர் ரெஸ்ப்ளாண்டி, கீலிங், மற்ற ஆய்வாளர்கள் சேர்ந்து அதைக் கணக்காக்கினார்கள்.

1991 முதல் 2016 வரை கடல் ஆண்டுக்கு 1.33 × 10²² ஜூல் வெப்பத்தை உள்வாங்கியது என்பது விடை. பக்கத்திலேயே ஒரு வால்: ± 0.20. உண்மை விலகக்கூடிய தூரம் அவ்வளவுதான் என்ற வாக்குறுதி அது.

சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வைத் தாண்டி, 2018 அக்டோபர் கடைசியில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. ஐ.நா. காலநிலைக் குழுவின் முந்தைய மதிப்பீட்டைவிடக் கடல் 60 சதவீதத்துக்கும் மேல் அதிக வெப்பத்தை வாங்கியிருக்கிறது என்று செய்தி பறந்தது. நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் 1.33-ஐச் சுமந்து சென்றன. வாலை யாரும் சுமக்கவில்லை.

சுமந்தவர் ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். நிக் லூயிஸ் கணிதமும் இயற்பியலும் படித்து, நிதித்துறையில் வேலை பார்த்தவர். எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதவி இல்லை. ஆனாலும் காலநிலைக் கணக்குகளில் ஆழ்ந்து, ஆய்விதழ்களிலும் எழுதியிருந்தார். வெப்பநிலை எவ்வளவு ஏறும் என்பதில் பெரும்பாலான விஞ்ஞானிகளைவிடக் குறைவாகக் கணிப்பவர்; ஆகவே பலர் அவரைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். கட்டுரையின் முதல் பக்கத்து எண்களே அவருக்கு உறுத்தின. காற்றில் மிஞ்சிய அந்தப் பங்கு ஆண்டுக்கு 1.16 அலகு வீதம் ஏறுவதாகக் கட்டுரை சொன்னது. கட்டுரையின் தரவுகளையே எடுத்து, கல்லூரியில் சொல்லித்தரும் வழக்கமான முறையில் அவர் கோடு போட்டுப் பார்த்தபோது 0.88 வந்தது. பிழை எல்லையும் சொன்னதைவிட மிகப் பெரிதாக இருக்க வேண்டும் என்று பட்டது. ஆசிரியர்களுக்கு எழுதினார். கட்டுரை வந்து ஒரு வாரம் ஆவதற்குள் தன் கணக்கை வரிக்கு வரி இணையத்தில் வைத்தார்.

கீலிங் அதைப் பார்த்தார். சில நாட்களிலேயே, பிழை எல்லையைக் கணக்கிட்டதில் தவறு நேர்ந்துவிட்டது என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். சுட்டிக்காட்டியதற்காக லூயிஸின் பெயரைச் சொல்லி நன்றியும் தெரிவித்தார். அவர் எந்த அணி என்று கேட்கவில்லை.

நேர்ந்த தவறைப் புரிந்துகொள்ள ஒரு தராசு போதும். காற்றடித்துத் தட்டு ஆடினால் ஒரு நிறுவையில் கொஞ்சம் கூடும், இன்னொன்றில் கொஞ்சம் குறையும். நூறு முறை நிறுத்தால் அது சமனாகிவிடும். ஆனால் படிக்கல்லே தேய்ந்திருந்தால்? ஆயிரம் முறை நிறுத்தாலும் பிழை போகாது. அது ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும். ஆக்சிஜன் அளவீட்டில் இருந்த படிக்கல் பிழையைக் காற்றடித்த பிழையாக எண்ணிவிட்டார்கள். அதனால்தான் வால் அவ்வளவு குட்டையாகத் தெரிந்தது.

ஆசிரியர்கள் முதலில் திருத்தம் அனுப்பினார்கள். முழுக் கணக்கையும் மறுபடி போட்டபோது, எல்லை திருத்தத்தில் அடங்காத அளவுக்கு விரிந்துவிட்டது. 2019 செப்டம்பரில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் புதிய வடிவம் வெளிவந்தது. பிழைக் கணக்கோடு வேறு சில உள்ளீடுகளும் திருத்தப்பட்டிருந்தன. இப்போது விடை 1.29, ± 0.79.

நடு எண் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது. வால் மட்டும் நான்கு மடங்காகிவிட்டது. முந்தைய மதிப்பீடுகளை மிஞ்சிவிட்டது என்ற அந்தப் பெரிய செய்தியை இவ்வளவு அகன்ற எல்லை தாங்காது. கடல் சூடாகவில்லை என்ற முடிவுக்கும் அது இடம் தரவில்லை. எல்லையின் கீழ்விளிம்பு 0.50, பூஜ்யம் அல்ல. உலகக் கடல்களில் மிதந்து 2,000 மீட்டர் ஆழம்வரை இறங்கி அளக்கும் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகளும் கடல் சூடாவதைத் தனியாகக் காட்டுகின்றன. இருந்தும், "பார்த்தீர்களா, எல்லாம் பொய்" என்று கூவியவர்கள் உண்டு. அவர்களும் வாலைப் படிக்கவில்லை.

மதிப்பாய்வு தோற்றுவிட்டதா என்று என்னிடம் கேட்டால், நாம் அதனிடம் எதிர்பார்த்ததுதான் தவறு என்பேன். இரண்டு மூன்று அறிஞர்கள், ஊதியம் இல்லாமல், தங்கள் வேலைக்கு நடுவே ஒரு கட்டுரையைப் படிக்கிறார்கள். வாதம் நிற்கிறதா, முறை சரியா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு கணக்கையும் முதலிலிருந்து போட்டுப் பார்ப்பது அரிது. கட்டுரை உள்ளே வரும் வாசல் அது. உண்மையான பரிசோதனை கட்டுரை அச்சான பிறகு தொடங்குகிறது. அதில் பங்கெடுக்கப் பதவி தேவையில்லை. ஆனால் உழைப்பு தேவை. லூயிஸ் குற்றம் சாட்டிவிட்டுப் போகவில்லை. மற்றவர் சரிபார்க்கும்படி கணக்கை வைத்தார். கீலிங் பட்டத்தைக் காட்டி விரட்டவில்லை. கணக்கைத் திரும்பப் போட்டார். இருவரில் ஒருவர் தவறியிருந்தாலும் 0.20 இன்றும் மேற்கோளாக உலவிக்கொண்டிருக்கும்.

எனக்கு 1.33-ஐவிட 1.29 மீது நம்பிக்கை அதிகம். அது எவ்வளவு தூரம் தவறக்கூடும் என்று அதைச் சொன்னவர்களே அளந்து சொல்லியிருக்கிறார்கள்.

பழைய கட்டுரையை 'நேச்சர்' அழித்துவிடவில்லை. திரும்பப் பெறப்பட்டது என்ற குறிப்பைத் தாங்கி இன்றும் அங்கேயே இருக்கிறது. வேண்டுபவர் போய், அந்த 0.20-ஐத் தங்கள் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம்.