விழா மேடையின் முன்னோர்

முத்தமிழ் என்று மொழியையே மூன்றாகப் பகுத்து, அம்மூன்றனுள் ஒன்றாக நாடகத்தை வைத்துப் போற்றியவர் தமிழர். ஆயினும் சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரையில், நாடகம் ஆடுவோரைக் ‘கூத்தாடி’ என்று இகழ்ந்து ஒதுக்கியவரும் நாமே. கலைக்கு மாலை சூட்டிவிட்டுக் கலைஞனைத் திண்ணையோடு நிறுத்திய அந்த முரண்பாடு எவ்வாறு தளர்ந்தது? ஆண்டுதோறும் சங்க விழாவில் அரிதாரம் பூசி மேடையேறும் நம்மவர்க்கு, இவ்வினாவின் விடையில் பங்குண்டு. நடிப்பைப் பிழைப்பாகக் கொள்ளாது, தொழில் ஒன்று செய்துகொண்டே ஓய்ந்த வேளையில் நாடகம் ஆடும் பயின்முறைக் குழுக்களின் வரலாறே அவ்விடை.

இவ்வரலாற்றின் தலைவாயிலில் நிற்பவர் பம்மல் சம்பந்த முதலியார். 1873-ஆம் ஆண்டு பிறந்த அவர், இளமையில் தமிழ் நாடகங்களைக் காணவும் விரும்பாதவராக இருந்தார். அவர் மனத்தை மாற்றியது ஒரு தெலுங்கு நாடகக் குழு. 1891-ஆம் ஆண்டு பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியார் தம் சரச விநோதினி சபையோடு சென்னைக்கு வந்து நாடகங்கள் நடத்தினார். அவர் ஒரு வழக்கறிஞர். கற்றோரும் மதிப்புடைய பதவியில் இருப்போரும் நாணமின்றி வேடம் புனைந்து நடித்ததைக் கண்ட பதினெட்டு வயது இளைஞருக்கு, ‘இதனை நாமும் தமிழிற் செய்தால் என்ன?’ என்னும் ஊக்கம் பிறந்தது. அவ்வாண்டு ஜூலை முதல் நாளே நண்பர் சிலரைக் கூட்டிச் சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டார்.

இங்கு நாம் ஒன்றைக் கருத வேண்டும். பல்லாரி இன்று கருநாடக மாநிலத்தைச் சேர்ந்தது. கன்னடம் வழங்கும் மண். அங்கு வாழ்ந்த தெலுங்கர் தம் மொழியில் வளர்த்த நாடகமே சென்னைத் தமிழர்க்கு வழிகாட்டிற்று. மொழியின் மேடை அதன் தாய்நிலத்தில்தான் தழைக்கும் என்பது விதியன்று. வேற்று மொழிகளுக்கு இடையே வாழும் நமக்கு இச்செய்தி பெருந்தெம்பு தருவதாகும்.

சபை தொடங்கியவுடனே திரை உயர்ந்துவிடவில்லை. முதல் நாடகமாகிய ‘புஷ்பவல்லி’ 1893-இல்தான் மேடையேறிற்று. பின்னர் வந்த ‘மனோகரா’ நாடெங்கும் புகழ்பெற்று, 1954-இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. விடிய விடிய ஆடுவதும், பாட்டின் மேல் பாட்டாக அடுக்குவதும் வழக்கமாயிருந்த நாளில், சம்பந்தனார் உரைநடைப் பேச்சுக்கு முதலிடம் தந்தார். நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். மறுநாட் காலையில் நீதிமன்றத்துக்கோ அலுவலகத்துக்கோ செல்ல வேண்டியவர் கூடி ஆடும் சபைக்கு இம்முறையே பொருந்திற்று. சேக்சுபியரின் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கித் தமிழ் பேச வைத்தவரும் அவரே.

அவர் 1898 முதல் வழக்கறிஞர். பின்னர்ச் சென்னைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்து 1928-இல் ஓய்வு பெற்றார். தேசத் தலைவர் சத்தியமூர்த்தி அச்சபையின் மேடையில் நடித்தார். நீதிபதியும் நாட்டுத் தலைவரும் வேடம் கட்டினால், ‘கூத்தாடி’ என்ற சொல்லை எவர்மேல் எறிவது? அச்சொல்லின் கூர் மழுங்கலாயிற்று. 1959-ஆம் ஆண்டு இந்திய அரசு சம்பந்தனாருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1964-இல் அவர் மறைந்தார். தம் அனுபவங்களை ‘நாடக மேடை நினைவுகள்’ என்னும் நூலாக அவர் எழுதிவைத்தது நமக்கு வாய்த்த பேறு.

புகழ்ந்ததோடு நின்றுவிடின் அது வரலாறாகாது. கற்றோர் சபையிலும் நெடுங்காலம் பெண்களுக்கு இடமில்லை. கதாநாயகி வேடத்தில் பெரும்புகழ் பெற்ற ரங்கவடிவேலு ஓர் ஆடவரே. மேலும், பயின்முறை நடிகர் மதிப்பைத் தம்மோடு மேடைக்குக் கொண்டு வந்தனர். வயிற்றுப்பாட்டுக்காக ஆடியோர்க்கோ அம்மதிப்பு எளிதில் கிட்டவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்துச் சிறுவர்களைப் பயிற்றினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அப்பள்ளியில் உருவானவர்களே. அச்சிறுவர் ஊர் ஊராய்ச் சென்று, வசூல் குறைந்த இரவுகளிலும் ஆடித் தமிழ் நாடகத்தைக் காத்தனர். நமக்கு நாடகம் தோற்றால் மறுநாள் சிரித்து மறக்கலாம். அவர்க்கோ அது அடுத்த வேளை உணவு. ஆகவே நம் மேடை இரு கடன்களை உடையது: ஒன்று வழக்கறிஞர் சபைக்கு, மற்றொன்று கூடாரத்தில் உறங்கி ஆடிய சிறுவர்க்கு.

அம்மரபு தமிழகத்துக்கு வெளியேயும் கிளைத்தது. 1947 ஆகஸ்டு 15-இல் நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தில்லி வானொலியிலிருந்து தமிழில் வாசித்த பூர்ணம் விசுவநாதன், தலைநகர்த் தமிழரின் பயின்முறை நாடகங்களில் நடித்துப் பின்னர்ச் சென்னை மேடையில் பெருநடிகராய் விளங்கியவர். தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி, ‘மழை’, ‘ஔரங்கசீப்’ முதலிய நாடகங்களைப் படைத்தார். தலைநகரில் வாழ்ந்த தமிழரிடமிருந்து தமிழகம் பெற்ற கொடைகள் இவை.

நம் குடியிருப்புக் குழந்தைகள் பள்ளியில் ஒரு மொழியும் தெருவில் வேறொரு மொழியும் பேசுகின்றனர். வீட்டில் கேட்கும் தமிழ் ‘சாப்பிடு’, ‘படி’, ‘தூங்கு’ என்னும் ஏவல்களோடு சுருங்கிவிடுகிறது. நாடகம் ஒன்றே அவர்களைத் தமிழில் சினக்கவும், வாதிடவும், மன்னிக்கவும், அழவும் செய்கிறது. மனப்பாடம் செய்த உரை மறந்துபோகலாம். ஒருமுறை உணர்ச்சியோடு வாய்விட்டுச் சொன்ன சொல் நாவை விட்டு நீங்குவது அரிது. தேர்வு நெருங்குகிறதே என்று பிள்ளைகளை ஒத்திகைக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வழக்குக் கட்டுகளுக்கு இடையே பம்மலார்க்கு நேரம் கிடைத்தது. பாடப் புத்தகங்களுக்கு இடையே நம் செல்வங்களுக்கும் கிடைக்கும். அவர்கட்கு ஒரு வேடமும், சொல்லச் சில நல்ல தமிழ் வரிகளும் தருவது நம் கடமையாகும்.