தெர்மோஸ்டாட் இல்லாத அம்பாசிடர்

ஆர்.எஸ்.புரம் வீட்டு ஷெட்டில் நிற்கும் அப்பாவின் பெட்ரோல் அம்பாசிடரில் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. மேல் ஹோஸ்தான் கசியுதுன்னு நினைத்தேன். கழட்டிப் பார்த்தால் கசிவு அதன் அடியில், சிலிண்டர் ஹெட்டின் மேல் மூன்று ஸ்டட்டில் உட்கார்ந்திருக்கும் அலுமினிய ஹவுசிங்கில். இரண்டு நட்டு வந்தது, மூன்றாவது ஸ்டட்டோடு முறிந்தது. மூடியைத் தூக்கினால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை.

"அது வெள்ளக்காரன் ஊருக் குளுருக்கு வெச்சதுங்க தம்பி. எங்கய்யன் காலத்துலயே கழட்டி வீசிருவோம்" என்றார் மெக்கானிக். மூடநம்பிக்கை என்றுதான் எடுத்துக்கொண்டேன். படிக்கப் படிக்க, அவர் அய்யன் ஒன்றும் விவரமில்லாத ஆள் இல்லை என்று தெரிந்தது.

இந்த வண்டி இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்ட் மூன்றாம் சீரிஸின் வாரிசு. 1489 சி.சி. எஞ்சினும் அங்கிருந்து வந்த பி.எம்.சி. பி சீரிஸ்தான். அந்தக் காலத் தெர்மோஸ்டாட் பித்தளை பெல்லோஸ் வகை: உள்ளே கொஞ்சம் ஸ்பிரிட், மற்றபடி காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம். சூட்டில் ஸ்பிரிட் ஆவியாகி பெல்லோஸ் நீள, வால்வு திறக்கும். அது ஓட்டையானால் வெற்றிடம் போய்விடும், வால்வு திறந்தபடியே நிற்கும். வண்டி தப்பித்துவிடும்.

சிக்கல், பிரஷர் மூடி போட்ட ரேடியேட்டர் பரவியபோது வந்தது. தண்ணீரின் அழுத்தம் பெல்லோஸை அமுக்க, திறக்கிற சூடு தள்ளிப்போனது. 1930களிலேயே அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னெட் மெழுகு வைத்த தெர்மோஸ்டாட்டை உருவாக்கியிருந்தார். மெழுகு உருகி விரிவது ஒரு ஊசியைத் தள்ளும், அழுத்தத்தைப் பற்றிக் கவலையில்லை. போகப்போக எல்லா வண்டியிலும் அதுவே வந்தது. ஆனால் மெழுகு கசிந்து போனால் இது மூடியபடியே நின்றுவிடும். பழைய வகை பழுதானால் குளிர்ச்சி, புது வகை பழுதானால் கொதிப்பு.

இதை மேட்டுப்பாளையம் தாண்டி வைத்துப் பாருங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். 82 டிகிரியில் திறக்கும் வால்வுக்கும் கொதிநிலைக்கும் நடுவே பத்து டிகிரிதான், அதுவும் மூடி ரப்பர் ஒழுங்காக இல்லாத வண்டியில். பர்லியாறு வளைவில் புகையோடு நின்ற டிரைவர் அந்த வால்வைப் பிடுங்கி எறிந்தால் அவரை நான் திட்ட மாட்டேன்.

தப்பு, அதைத் திரும்ப மாட்டாததில். எடுத்துவிட்டால் சமவெளியிலும் எஞ்சின் சூடேற ரொம்ப நேரம் பிடிக்கும். குளிர்ந்த சுவரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் ஆயிலில் கலக்கும், சிலிண்டர் தேயும். அப்பா கடைசிவரை "பெட்ரோல் குடிக்குது" என்று கார்புரேட்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

ஹவுசிங் அரித்ததற்கும் நாங்களே காரணம். அலுமினியம், அடியில் வார்ப்பிரும்பு ஹெட், நடுவே உப்புத் தண்ணீர். இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி. கரைவது அலுமினியம். சிறுவாணித் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரை ஊற்றியது நான்தான்.

பவுண்டரி ஊர் என்பதால் புது ஹவுசிங்கே வார்த்து வாங்கலாம் என்று ஆசை. மெக்கானிக் சிரித்துவிட்டு பழையதையே ஆர்கான் வெல்டிங்குக்கு அனுப்பினார். அரித்த பள்ளத்தை நிரப்பி, கண்ணாடி மேல் எமரி பேப்பர் விரித்துத் தேய்த்து முகத்தைச் சமப்படுத்தினார். முறிந்த ஸ்டட்டை நடுவில் டிரில் செய்து எடுத்தார். புது பேக்கிங், 82 டிகிரி மெழுகுத் தெர்மோஸ்டாட். அதன் விளிம்பில் மூன்று மில்லி ஓட்டை ஒன்று போடச் சொன்னேன், தண்ணீர் நிரப்பும்போது அடியில் சிக்கும் காற்று வெளியேற.

"ஓட்டை போடறதுன்னா அப்புறம் எதுக்குங்க தம்பி அது?" என்றார். போட்டுக் கொடுத்தார்.

முன்பெல்லாம் பேரூர் போய்ச் சேர்ந்தாலும் டெம்பரேச்சர் முள் எழுந்திருக்காது. இப்போது தடாகம் ரோடு சிக்னலிலேயே நடுவுக்கு வந்துவிடுகிறது. ரேடியேட்டரில் கூலண்ட்தான். போர் தண்ணீர்க் குடத்தை அம்மா செடிக்கு எடுத்துக்கொண்டார்.