உயிர்க்குழாய் – 9: கத்திக்கு முன்னால்

தவறான குழாய்க்குள் போன அந்த ஊசியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

வாஷிங்டன் நகரம், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம். ஒரு நோயாளியின் கையிலுள்ள சிரைக்குள் போக வேண்டிய நைட்ரஜன் மஸ்டர்ட், பக்கத்தில் ஓடும் தமனிக்குள் போய்விட்டது. முதல் உலகப் போரில் சிப்பாய்களின் தோலையும் நுரையீரலையும் வேகவைத்த நச்சு வாயுவின் நெருங்கிய உறவு இந்த மருந்து. கை சிவந்தது. கொப்புளங்கள் கிளம்பின. புண்ணாயிற்று.

அறுவை மருத்துவர் கால்வின் கிளாப் அந்தப் புண்ணின் எல்லையைக் கவனித்தார். அந்தத் தமனி எந்தத் தோலுக்கெல்லாம் ரத்தம் கொடுக்கிறதோ, அங்கே மட்டும்தான் புண். மற்ற இடங்களில் தோல் பழையபடி இருந்தது. நாளடைவில் புண்ணும் ஆறிவிட்டது. சிரையில் ஏற்றும் மருந்து முதலில் இதயத்துக்குப் போகிறது; பிறகு உடம்பில் ஓடும் ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தத்தில் கரைந்து, நீர்த்துப்போய்த்தான் எந்த உறுப்பையும் எட்டுகிறது. தமனியில் ஏற்றினால், அந்தத் தமனி போய்ச் சேரும் இடத்தை முழு வேகத்தில் தாக்குகிறது. தோல் இருந்த இடத்தில் ஒரு புற்றுக்கட்டி இருந்திருந்தால்?

அந்தக் கேள்வியைக் கிளாப் விடவில்லை. கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள் மருந்தைச் சிறுசிறு பங்காகச் செலுத்திப் பார்த்தார். 1950-ல் முதல் அறிக்கை வெளிவந்தது.

இந்தச் செய்தி இரைப்பைப் புற்றுநோய்க்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்டால், வியன்னாவின் தெரேசா ஹெல்லரை மறுபடி நினைக்க வேண்டும். 1881 ஜனவரி 29. தியோடர் பில்ரோத் அவருடைய இரைப்பையின் நோயுற்ற பகுதியை வெட்டியெடுத்து, மிச்சத்தைக் குடலோடு இணைத்தார். அதற்கு முன் பாரிஸில் பெயானும், போலந்தின் செல்ம்னோவில் ரிடிகியரும் இதே முயற்சியில் நோயாளியைப் பறிகொடுத்திருந்தார்கள். தெரேசா பிழைத்தார், எழுந்து உட்கார்ந்தார், சாப்பிட்டார். மருத்துவ உலகம் கொண்டாடியது. நான்கு மாதங்களுக்குள் நோய் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது. பில்ரோத்தின் கையில் குறையில்லை. அவர் கண்ணுக்குத் தெரியாத அளவில் நோய் ஏற்கெனவே பரவியிருந்தது. எழுபது ஆண்டுகள் கழித்தும் இரைப்பை அறுவை மருத்துவர்கள் அதே சுவரில்தான் முட்டிக்கொண்டிருந்தார்கள். கத்தி எட்டாத இடத்தை மருந்து எட்ட வேண்டும்.

ஆனால் கைத் தமனி தோலுக்கு அடியிலேயே துடிக்கிறது, ஊசி போட்டுவிடலாம். இரைப்பையின் தமனி வயிற்றின் ஆழத்தில், முதுகெலும்பை ஒட்டி அல்லவா கிளம்புகிறது? அங்கே எப்படிப் போவது?

*

மூன்றாம் அத்தியாயத்தில் பார்த்த வெர்னர் ஃபோர்ஸ்மனை நினைவிருக்கும். 1929-ல், பெர்லினுக்கு அருகே எபர்ஸ்வால்டே மருத்துவமனையில், மேலதிகாரி கூடாது என்று சொன்ன பிறகும், தன் கைச் சிரையைத் தானே திறந்து, கதீட்டர் என்ற 65 சென்டிமீட்டர் மெல்லிய குழாயை உள்ளே தள்ளி, அதோடு எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனவர். கதீட்டரின் நுனி அவருடைய இதயத்துக்குள் இருந்ததைப் படம் காட்டியது. ஃபோர்ஸ்மனின் முதல் ஆசை இதயத்தை ஆராய்வதல்ல. ஆபத்து நேரத்தில் மருந்தை நேராக இதயத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதே. மருந்துக்கு வழி தேடித்தான் அவருடைய கதீட்டர் மனித இதயத்துக்குள் போனது.

அவர் போனது சிரை வழி. அங்கே ரத்தத்தின் அழுத்தம் குறைவு. தமனி அப்படியல்ல, ஓட்டை விழுந்தால் ரத்தம் பீறிடும். அதனால் 1950-களின் தொடக்கம்வரை தமனிக்குள் கதீட்டரை விட இரண்டே வழிகள். தோலை வெட்டித் தமனியை வெளியே எடுத்துத் திறப்பது ஒன்று. கதீட்டரே உள்ளே நுழையும் அளவுக்குப் பருத்த ஊசியால் குத்துவது இன்னொன்று. பருத்த ஊசி போட்ட ஓட்டை கதீட்டரைவிடப் பெரிதாக இருக்கும், ரத்தம் கசியும்.

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஸ்வென் இவார் செல்டிங்கர் என்ற இளம் கதிரியக்க மருத்துவர் இதில்தான் சிக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவர் கையில் மூன்று பொருள்கள் இருந்தன: ஓர் ஊசி, ஒரு மெல்லிய கம்பி, ஒரு கதீட்டர். எந்த வரிசையில் பயன்படுத்துவது என்பது சட்டென்று விளங்கியது. சிறிய ஊசியால் தமனியைக் குத்து. ஊசிக்குள் கம்பியை விடு. கம்பி உள்ளேயே இருக்க, ஊசியை உருவிவிடு. கம்பியின் மேலேயே கதீட்டரைக் கோத்து உள்ளே தள்ளு. கடைசியில் கம்பியை உருவிவிடு. ஓட்டையைக் கதீட்டரே அடைத்துக்கொள்ளும். கத்தி வேண்டாம், தையல் வேண்டாம்.

1953-ல் இது அச்சில் வந்தது. முனைவர் பட்டத்துக்கு இது போதாது என்று மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள். செல்டிங்கர் வேறொரு பொருளில் ஆய்வேடு எழுத வேண்டியதாயிற்று. இன்று மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ யாருக்காவது தொடை வழியாக ஆஞ்சியோ செய்தார்கள் என்றால், அது செல்டிங்கரின் வரிசைதான். இவ்வளவு உயிர்களைத் தொட்ட இவ்வளவு எளிய கண்டுபிடிப்பு மருத்துவத்தில் அதிகம் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தொடையில் நுழைந்த கதீட்டர் பெருந்தமனி வழியே மேலேறி, உதரவிதானத்துக்குச் சற்றுக் கீழே முன்பக்கமாகக் கிளம்பும் ஒரு குட்டையான தண்டை அடைகிறது. அந்தத் தண்டு உடனே மூன்றாகப் பிரிகிறது. ஒன்று நேரே இரைப்பைக்கு, ஒன்று ஈரலுக்கு, ஒன்று மண்ணீரலுக்கு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரைப்பை அந்த ஒரு கிளையை மட்டும் நம்பி இல்லை. ஈரலுக்குப் போகும் கிளையும் மண்ணீரலுக்குப் போகும் கிளையும் வழியிலேயே இரைப்பைக்குச் சிறு கிளைகளை அனுப்புகின்றன. மூன்று வாய்க்காலிலிருந்தும் தண்ணீர் பாயும் வயல் அது. தலைமடையில் மருந்தைக் கலந்தால் ஈரலும் மண்ணீரலும் சேர்ந்து குடிக்கும். ஒரே வாய்க்காலில் கலந்தால் வயலின் ஒரு மூலைக்குப் போகாமலே நின்றுவிடும். கட்டி இரைப்பையின் மேல்பக்கமா, கீழ்ப்பக்கமா என்று பார்த்து, எந்தக் கிளையின் வாயில் கதீட்டரின் நுனியை நிறுத்துவது என்று ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக முடிவெடுக்க வேண்டும்.

*

இப்போது சிட்னிக்குப் போவோம்.

அறுவை மருத்துவர் ஃபிரெடரிக் ஸ்டீபன்ஸ் எழுப்பிய கேள்வி நேரத்தைப் பற்றியது. முதலில் வெட்டு, பிறகு மருந்து என்பதே அன்றைய வழக்கம். ஸ்டீபன்ஸ் அதை மாற்றிப் போட்டார். இரைப்பையை வெட்டும்போது அறுவை மருத்துவர் என்ன செய்கிறார்? இரைப்பைக்குப் போகும் தமனிகளைக் கட்டி அறுக்கிறார். அதன் பிறகு அந்த இடத்தில் மிஞ்சியிருக்கும் புற்றணுக்களுக்கு மருந்து எந்த வழியாகப் போகும்? வழியைத்தான் அறுத்தாயிற்றே. மேலே தழும்புத் திசு வேறு மூடிக்கொள்கிறது. ஆகவே குழாய்கள் முழுதாக இருக்கும்போதே, தமனிக்குள் கதீட்டரை வைத்து மருந்தைக் கொடுத்து, கட்டியைச் சுருக்கிவிட்டு, பிறகு கத்தியை எடுப்போம் என்றார். மார்பகப் புற்றுநோயிலும் இதே வழியில் முயன்றவர் அவர். 1980-களில் இரைப்பைப் புற்றுநோயிலும் அதைச் செய்து பார்த்தார்.

சில கட்டிகள் சுருங்கின. எடுக்கவே முடியாது என்று தோன்றிய சிலவற்றை எடுக்கவும் முடிந்தது. அன்றைய அறுவை மருத்துவர்களுக்கு அது எப்படிப்பட்ட நம்பிக்கையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் சுருங்குவது வேறு, வாழ்வது வேறு. கட்டி பாதியாகச் சுருங்கிய ஒருவர் ஓராண்டில் இறந்துபோகலாம். சுருங்காத இன்னொருவர் பல்லாண்டு வாழலாம். இத்தகைய முதல்கட்டச் சோதனைகளில் ஆட்கள் குறைவு. கதீட்டரைத் தாங்கக்கூடிய தெம்புள்ளவர்களையே மருத்துவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். தெம்புள்ளவர்கள் எப்படியும் கொஞ்சம் அதிக நாள் இருப்பார்கள். குணம் கதீட்டரால் வந்ததா, அவர்களுடைய உடற்கட்டால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு அணியாகப் பிரித்து ஒப்பிட வேண்டும். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்தபோது ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் இந்த நெறியை நிலைநாட்டியிருந்தார். அது 1948-லேயே.

இரைப்பையில் அதைச் செய்வது நெஞ்சைப் பிசையும் காரியம். எதிரே உட்கார்ந்திருப்பவரால் சாப்பிட முடியவில்லை, எடை குறைந்துகொண்டே வருகிறது. கட்டியை இன்றே எடுத்துவிடலாம் என்ற நிலையில், சில வாரம் பொறுங்கள், முதலில் மருந்து கொடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும். அந்தச் சில வாரங்களில் மருந்து கேட்காமல் கட்டி பரவிவிட்டால், எடுக்கும் வாய்ப்பே கைநழுவிவிடும். தமனி வழி என்றால் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஈரல் தமனிக்குள் மருந்து செலுத்தியவர்கள் அதை ஏற்கெனவே பட்டறிந்திருந்தார்கள்: மருந்து தப்பி இரைப்பையின் கிளைக்குள் கசிந்துவிட்டால், இரைப்பையிலும் முன்குடலிலும் ஆழமான புண்கள் வரும். அதற்காகவே அந்தக் கிளைகளை முன்கூட்டியே கட்டிவிடும் வழக்கம் வந்தது. அவர்கள் தப்பவிடக் கூடாது என்று அஞ்சிய இடத்துக்குள்தான் இங்கே மருந்தை வேண்டுமென்றே அனுப்புகிறார்கள். கிளாப் பார்த்த கைப்புண் ஆறியது. இரைப்பையின் சுவர் தாங்குமா?

*

பெரிய பதில் பிரிட்டனிலிருந்து வந்தது.

லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையின் டேவிட் கன்னிங்ஹாம் தலைமையில் நடந்த மேஜிக் என்ற சோதனைக்கு 1994 முதல் 2002 வரை 503 நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஓர் அணிக்கு அறுவை மட்டும். மற்ற அணிக்கு அறுவைக்கு முன் மூன்று சுற்று கீமோ, பின் மூன்று சுற்று. எபிருபிசின், சிஸ்பிளாட்டின், இவற்றோடு வாரக்கணக்கில் இடைவிடாமல் சொட்டும் ஃபுளூரோயுராசில். முடிவு 2006-ல் வெளியானது. ஐந்தாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள், அறுவை மட்டும் செய்த அணியில் 100-க்கு 23 பேர்; கீமோவும் பெற்ற அணியில் 36 பேர்.

நூற்றுக்குப் பதின்மூன்று பேர் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். பில்ரோத் காலத்திலிருந்து இந்த நோயோடு மல்லுக்கட்டி வந்தவர்களுக்கு அது பெரிய வெளிச்சம். கத்திக்கு முன்னால் மருந்து என்பது அதன்பின் ஐரோப்பாவில் வழக்கமான சிகிச்சையாயிற்று. நேரத்தைப் பற்றி ஸ்டீபன்ஸ் சொன்னது சரிதான் என்று ஆனது.

ஆனால் மேஜிக் சோதனையில் மருந்து போன வழியைப் பாருங்கள். சொட்டுச்சொட்டாக இறங்கிய அந்த மருந்துக்கும் கதீட்டர்தான். அது இதயத்தை நோக்கிப் போகும் பெரிய சிரையில் வைத்த கதீட்டர். ஃபோர்ஸ்மன் தன் உடம்பில் திறந்த பாதை. கிளாப் கண்ட தமனி வழியும் செல்டிங்கரின் கம்பியும் அந்தச் சோதனையில் இல்லை. 'முன்னால் கொடுக்கலாமா?' என்பதற்கு 503 பேர் விடை தந்தார்கள். 'தமனி வழியாகக் கொடுத்தால் இன்னும் நல்லதா?' என்ற கேள்வியை யாரும் அங்கே கேட்கவே இல்லை. சிரை வழி எளிது, எந்த வார்டிலும் செய்யலாம், திறமையான ஒரு கதிரியக்க மருத்துவர் ஒவ்வொரு முறையும் தேவையில்லை. இரண்டு கேள்விகளில் ஒன்றுக்கு விடை கிடைத்ததும், மற்றொன்றும் தீர்ந்துவிட்டதாகப் பலர் எண்ணிக்கொண்டார்கள். இந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது இந்த இடம்தான்.

தமனி வழி இரைப்பையில் ஓரங்கட்டப்பட்ட அதே 2006-ல், நியூயார்க்கில் வேறு இருவர் அதைக் கையிலெடுத்தார்கள். கண் புற்றுநோய் மருத்துவர் டேவிட் ஏப்ரம்சன். மூளை ரத்தக் குழாய்களுக்குள் கதீட்டர் விடுவதில் தேர்ந்த பியர் கோபின். அவர்கள் முன் இருந்தவர்கள் விழித்திரையில் புற்று வந்த குழந்தைகள். நோய் முற்றிவிட்டதால் கண்ணையே எடுத்துவிட வேண்டும் என்று முடிவானவர்கள். ஜப்பானில் கனேகோ குழுவினர், கழுத்துக்கு மேலே தமனியைச் சிறு பலூனால் அடைத்துக் கண்ணை நோக்கி மருந்தைத் திருப்பிவிட்டிருந்தார்கள். ஏப்ரம்சனும் கோபினும் இன்னும் ஒருபடி முன்னே போகத் துணிந்தார்கள்: குழந்தையின் தொடையில் நுழைந்து, பெருந்தமனியின் வளைவைக் கடந்து, கழுத்தில் ஏறி, கண்ணுக்கென்றே பிரியும் அந்த நுண்ணிய தமனியின் வாயிலேயே கதீட்டரை நிறுத்துவது. அங்கே ரத்த ஓட்டம் மிகக் குறைவு. துளி மருந்தும் கண்ணில் செறிவாக நிற்கும். அந்தத் தமனி அடைபட்டால் பார்வை போகும். ஒரு சிறு ரத்தக்கட்டி நழுவி மேலே போனால் குழந்தையின் மூளை பாதிக்கும்.

மருந்தின் பெயர் மெல்ஃபலான். நைட்ரஜன் மஸ்டர்டின் வழித்தோன்றல். கிளாப்பின் நோயாளியுடைய கையைச் சுட்ட அதே குடும்பம். அதைத்தான் இப்போது ஒரு குழந்தையின் கண்ணுக்குள் செலுத்தப்போகிறார்கள்.

அந்தக் கண்கள் தப்பினவா? தப்பியிருந்தால், கண்ணில் பலித்தது இரைப்பையில் ஏன் பலிக்காது என்ற கேள்வியைக் கேட்டது யார்?

(அடுத்த வாரம் தொடரும்)