குற்றாலத்துக்கு வந்த கோக்கோ



7ஆம் வகுப்பு படிக்கும் பேத்திக்குப் பள்ளியில் "சாக்லேட்டின் வரலாறு" என்று ஒரு புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினாள். மெக்சிகோ, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து எல்லாம் ஒழுங்காக இருந்தன. "நம்ம நாடு எங்க மக்களே?" என்று கேட்டேன். "நாம வாங்கித் திங்கோம், அவ்வளவுதான் தாத்தா" என்றாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். நீங்கள் படித்த பாடப்புத்தகங்களிலும் இது கிடையாது.

இந்தியாவில் கோக்கோவை முதன்முதலில் நட்ட இடம் குற்றாலம். வருடம் 1798. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டதற்கு முந்தின வருடம். நம் நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூரில் இருந்தது; அங்கே தர்மராஜா காலமாகி பாலராம வர்மா பட்டத்துக்கு வந்ததும் அதே 1798-இல்தான். தெரிந்த சம்பவத்தோடு முடிச்சுப் போட்டால் வருடம் மறக்காது என்று வகுப்பில் சொல்வேனே, இதுவும் அப்படித்தான்.

கொண்டுவந்தது கிழக்கிந்தியக் கம்பெனி. எடுத்து வந்தது இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் அம்போன் தீவிலிருந்து. கிராம்புக்காக டச்சுக்காரர்கள் யாரையும் அண்டவிடாமல் காத்து வைத்திருந்த தீவு அது. 1796-இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்குள்ள பயிர்கள் இந்தப் பக்கம் வர ஆரம்பித்தன. சாரலும் மலைக்குளிர்ச்சியும் உள்ள குற்றாலத்தில் கம்பெனி ஒரு வாசனைத் திரவியத் தோட்டம் போட்டது. 1800 வாக்கில் கிராம்பும் அந்தத் தோட்டத்துக்கு வந்தது. கோக்கோ அதற்கும் சற்று முந்தி.

கோக்கோ விதையை நெல் போலப் பத்தாயத்தில் போட்டு வைக்க முடியாது. பழத்திலிருந்து எடுத்தால் கொஞ்ச நாளிலேயே முளைக்கும் சக்தி போய்விடும். பாய்மரக் கப்பல் காலத்தில் அது உயிரோடு இங்கே வந்து சேர்ந்ததே பெரிய காரியம்.

மரத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். காய், சக்கை போலத் தடியிலேயே ஒட்டித் தொங்கும். உடைத்தால் அயனிச்சக்கை மாதிரி சதை போர்த்திய கொட்டைகள், ஆனால் சதை வெள்ளை. சப்பினால் புளிப்பும் இனிப்புமாக இருக்கும். கொட்டையைக் கடித்தாலோ ஒரே கசப்பு, சாக்லேட் மணம் துளியும் கிடையாது. சதையோடு குவித்து, வாழையிலை போட்டு மூடி, ஐந்தாறு நாள் புளிக்க விட்டு, இடையிடையே கிளறி, வெயிலில் காயவைத்து, அப்புறம் வறுக்க வேண்டும். அப்போதுதான் அந்த வாசனை வரும்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. குற்றாலத் தோட்டத்துக் கிராம்பு 1850-க்குப் பிறகு நாகர்கோவில் பக்கமும் தென் திருவிதாங்கூர் மலைகளிலும் பரவியது. மாறாமலையில் இன்றும் நிற்கிறது. கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. கூட வந்த கோக்கோ ஏன் அப்படிப் பரவவில்லை? என் கணிப்பு இது. கிராம்பு மொட்டைப் பறித்துக் காயப்போட்டால் சரக்கு தயார். வைத்தியருக்கு வேண்டும், அடுக்களைக்கு வேண்டும், வெற்றிலைச் செல்லத்துக்கும் வேண்டும். கோக்கோவை யார் கேட்டார்கள்? ஐரோப்பாவிலேயே அன்று சாக்லேட் என்றால் குடிக்கிற பண்டம்தான். கொட்டையிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு ஹாலந்தில் வான் ஹூட்டன் உரிமம் வாங்கியது 1828-இல். இங்கிலாந்தில் ஃப்ரை கம்பெனி கடித்துத் தின்னும் கட்டியாகச் செய்தது 1847-இல். சுவிட்சர்லாந்தில் டேனியல் பீட்டர் பால் சேர்த்தது 1875-இல். அதாவது, பால் சாக்லேட் பிறப்பதற்கு 77 வருடம் முன்பே கோக்கோ குற்றாலத்துக்கு வந்துவிட்டது. இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டதும்தான் பேத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பிறகு நெடுங்காலம் பேச்சில்லை. கேட்பரி 1948-இல் இந்தியாவுக்கு வந்தது. 1965-இல் வயநாட்டில் கோக்கோ வளர்ப்பு தொடங்கியது. தென்னைக்கும் கமுகுக்கும் ஊடே நடலாம், நிழல் அதற்கு நல்லது என்று எழுபதுகளில் கேரள விவசாயிகள் நிறையப் பேர் நட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் விலை சரிந்தது. காயைப் பறித்தால் பறித்த கூலிக்குக்கூடக் கட்டாது என்ற நிலையில் பலர் மரத்தையே வெட்டிப் போட்டார்கள். ரப்பர் விலை விழும்போது நம் மேற்குப் பக்கத்து வீடுகள் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்கு அந்த வேதனை புரியும்.

அப்போது கைகொடுத்தது ஒரு கூட்டுறவுச் சங்கம். கர்நாடக, கேரளப் பாக்கு விவசாயிகளுக்காக 1973-இல் மங்களூரில் தொடங்கிய கேம்ப்கோ, கோக்கோவையும் வாங்க முன்வந்தது. 1986-இல் புத்தூரில் சொந்தமாக ஒரு சாக்லேட் தொழிற்சாலையே கட்டியது. விளைவித்தவர்களே முதலாளிகளாக இருந்து சாக்லேட் செய்வது உலகத்திலேயே அபூர்வம். புராஜெக்டில் சுவிட்சர்லாந்துக்கு ஒரு பக்கம் என்றால் புத்தூருக்கு இரண்டு பக்கம் கொடுக்கலாம் என்பது என் கட்சி. இப்போது நம் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளிலும் ஊடுபயிராகக் கோக்கோ நிற்கிறது.

மாறாமலை, பேச்சிப்பாறை பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்த்த குடும்பத்துப் பிள்ளைகள் என்னிடம் நிறையப் பேர் படித்திருக்கிறீர்கள். பழைய கோக்கோ மரம் எதுவும் நின்றதாக வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் கீழே எழுதுங்கள், படம் இருந்தால் போடுங்கள். வெள்ளிக்கிழமை அவள் நோட்டைக் கொடுக்க வேண்டும். அதற்குள் வந்தால் நல்லது.